கோடு கோடாக வந்த பேத்தி

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகம்தானா என்று எல்லாக் கடிதத்திலும் முதல் வரியில் கேட்பேன், இந்தத் தடவை கேட்கப் போவதில்லை, ஏன் என்று போகப் போகத் தெரியும், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. நீ அனுப்பிய வீடியோ கேசட் போன மாதம் எட்டாம் தேதி வந்து சேர்ந்தது. தபால்காரர் பார்சலை ஆட்டிப் பார்த்து உள்ளே என்னம்மா லொடலொடங்குது என்று கேட்டார், என் பேத்தி நடக்கிறாள் என்றேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே கையெழுத்து வாங்கிப் போனார். அப்பா முன்னறையில் யாருடைய டிவியையோ வயிற்றைத் திறந்து வைத்திருந்தவர் அதை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தார், கடை வைத்த இத்தனை வருடத்தில் அடுத்தவர் சாமானை அவர் அப்படி விட்டு நான் பார்த்ததில்லை. கேசட்டைப் போட்டோம். பேத்தி வரவில்லை, கோடுதான் வந்தது. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாக உருண்டுகொண்டே இருந்தது, ஆனால் சத்தம் மட்டும் சுத்தமாக வந்தது, நீ வா வா வா என்று கூப்பிடுவதும், பாப்பா கெக்கெக்கே என்று சிரிப்பதும், தொப்பென்று விழுவதும், மாப்பிள்ளை கைதட்டுவதும்.

உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள், ரிப்பேர்காரர் கண்ணுக்குக் கண்டதெல்லாம் ரிப்பேர். கேசட் ஓடும் வீடியோ டெக்கில்தான் கோளாறு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். முதல் நாள் டேப் உரசி ஓடும் ஹெட்டைத் துடைத்தார், இரண்டாம் நாள் பெல்ட்டை மாற்றினார், மூன்றாம் நாள் தரையில் செய்தித்தாளை விரித்து மொத்தத்தையும் பிரித்து மாட்டினார், ஒரு ஸ்க்ரூ மிச்சம் வந்தது, அது எந்த இடத்து ஸ்க்ரூ என்று இன்றுவரை தெரியாது. மற்ற கேசட் எல்லாம் நன்றாகத்தானே ஓடுகிறது என்று கேட்டேன், அதெல்லாம் பழகின கேசட்டு, உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு என்றார். பேசாமல் இருந்தேன், எத்தனை நேரம் இருந்தேன் என்று கேட்காதே. இப்படியே மூன்று வாரம் அந்தக் கேசட்டை ரேடியோ மாதிரி கேட்டோம். காலடிச் சத்தத்தை எண்ணி ஏழு அடி நடந்தாள் என்று நான் சொல்ல, இல்லை ஒன்பது என்று அவர் சொல்ல, அதற்கு ஒரு சண்டை. பாப்பா நடந்து முடித்ததும் கைதட்டல் வரும், அதன்பின் டக்கென்று ஒரு சத்தம், அதற்குமேல் பேச்சு இல்லை, உடனே அப்பா நிறுத்திவிடுவார். வெறும் கேசட்டை ஓடவிட்டால் ஹெட் தேய்ந்துவிடும் என்பது அவர் வேதம். டெக் ரிப்பேருக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சீட்டிலெல்லாம், படம் முடிந்ததும் நிறுத்தவும் என்று நான்தானே என் கையால் எழுதிக் கொடுக்கிறேன்.

பாப்பா நடப்பதைப் பார்க்க ஆசை இல்லையா என்றால் கொள்ளை ஆசை. ஆனால் என் மனதில் கிடந்தது வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்குப் பின் நீ இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததை நாலு மாதம் கழித்து ஒரு கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினாய். அந்த நாலு மாதமும் வந்த கடிதத்திலெல்லாம் நலம், நலம், நலம். அன்றிலிருந்து உன் நலம் என்கிற வார்த்தையை நான் நம்புவதில்லை. சின்ன வயதில் காய்ச்சல் கொதிக்கும்போதும் எனக்கு ஒன்றுமில்லை என்று பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள்தானே நீ. போட்டோ அனுப்பு என்றால் பாப்பா போட்டோவாகவே அனுப்புகிறாய். இளைத்த உடம்பில் சதை பிடித்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இதை நான் யாரிடம் கேட்பேன். அதனால்தான் அந்தக் கோட்டுக்குள் எங்கேயாவது நீ தெரிகிறாயா என்று மூக்கு இடிக்கும் அளவுக்கு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் கல்யாண வீடியோ எடுப்பவரிடம் கொண்டுபோனேன். பார்சல் பெட்டியில் நீ எழுதியிருந்த விலாசத்தைப் பார்த்ததுமே அவர் சொல்லிவிட்டார், அம்மா, கேசட்டும் நல்லாத்தான் இருக்கு, உங்க டெக்கும் நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த ஊர்ல படத்தை நொடிக்கு முப்பதா நறுக்குறாங்க, நம்ம பக்கம் இருபத்தஞ்சு, ரெண்டுக்கும் ஒத்துப் போகாது, ரெண்டு முறையும் தெரிஞ்ச மல்டி சிஸ்டம் டெக்குதான் வேணும் என்று. வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, இதெல்லாம் அவர் படித்துத் தெரிந்த விஷயம்தானாம், அந்த நேரத்துக்குத் தோன்றவில்லையாம். யானைக்கும் அடி சறுக்கும் என்றேன், அன்று பூராவும் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அவரே கிளம்பிவிட்டார். கேசட் வாடகைக் கடை மூன்று ஏறி இறங்கினோம், ஒன்றிலும் இல்லை. பிறகு பக்கத்து ஊர் டீச்சர் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவர்கள் தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டெக்கைப் போர்வையில் சுற்றி, பச்சைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தோம். மாட்டினால் பாப்பா வந்தாள், எப்படி வந்தாள், கலர் இல்லாமல், கால் மேலேயும் தலை கீழேயுமாகத் துண்டாகி மேலே மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். டெக்குக்குத் தெரிந்தால் மட்டும் போதாதாம், டிவிக்கும் அந்த முறை தெரிய வேண்டுமாம். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்படிப்பட்ட டெக்கும் டிவியும் ஒரே இடத்தில் இருப்பது ஆன்டெனா கடையில்தான் என்று அப்பாவுக்குத் தேடக் கிளம்பிய அன்றே தெரிந்திருக்கும், வாயைத் திறக்கவில்லை. நீ சித்தப்பா சித்தப்பா என்று காலைக் கட்டிக்கொள்வாயே, ஒல்லியாக நெடுநெடுவென்று இருப்பதால் ஊரே ஆன்டெனா என்று கூப்பிடுமே, அவரேதான். அப்பாவோடு ஒரே மேசையில் வேலை பார்த்துவிட்டு, ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னை அணைக்காமல் போனது நீயா நானா என்ற சண்டையில் பிரிந்து போனவர், ஒன்பது வருடம் ஆகிறது, அந்த அயர்ன் அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சட்டைப் பையில் ஓட்டை போட்டதுதான் மிச்சம். அந்தச் சட்டையை சாட்சி என்று மடித்து வைத்திருந்தார், நீ வெளிநாடு போன வருடம் அது காணாமல் போய், நான்தான் தரை துடைக்கப் போட்டுவிட்டேன் என்று எத்தனை நாள் என்னைக் கரித்துக் கொட்டினார். நான் ஆன்டெனா கடைக்குப் போகிறேன், வந்தால் வாருங்கள் வராவிட்டால் போங்கள் என்று கேசட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். பத்தடி பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது, கேட்டதற்கு ஈயக் கம்பி வாங்க வந்தாராம். ஆன்டெனா வாங்க அண்ணி என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், இன்னொரு ஸ்டூலையும் துடைத்துப் போட்டார், அது யாருக்கு என்று சொல்லவில்லை.

போட்டார் பார், நேரில் பார்க்கிற மாதிரி கலர்! சிவப்பு கவுன் போட்டுக்கொண்டு என் தங்கம் நடந்தாள், ஏழும் இல்லை ஒன்பதும் இல்லை, எட்டு அடி. நான் கைதட்டினதில் கடைக்கு வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் கேமரா உன் கையில் அல்லவா இருக்கிறது. பாப்பா தெரிகிறாள், மாப்பிள்ளை தெரிகிறார், ஓரத்தில் உன் கட்டைவிரல் தெரிகிறது. இவ்வளவு அலைந்து பார்த்தது உன் கட்டைவிரலையா என்று எனக்குச் சப்பென்று போய்விட்டது. அந்த டக்கென்ற சத்தம் வந்தது, பழக்க தோஷம், அப்பா நிறுத்தக் கையை நீட்டினார். ஆன்டெனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். விடுங்கண்ணே, தேஞ்சா என் மிஷின்தானே தேயும் என்றார். ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் பேச்சு.

ஓடியது. நீ கேமராவை அணைக்க மறந்து எங்கேயோ வைத்துவிட்டாய், உன் சமையலறை தெரிந்தது, நீ வந்தாய். முழுசாக வந்தாய். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கரண்டியால் அப்படியே அள்ளி அள்ளிச் சாப்பிட்டாய், நடுவில் எதையோ நினைத்துத் தனியாகச் சிரித்தாய், எழுந்து போய் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். கன்னம் இரண்டும் உப்பியிருக்கிறது, கையில் சதை பிடித்திருக்கிறது. நாலு நிமிடம் நான் கண் கொட்டவில்லை. முடியைக் கத்தரித்துக்கொண்டதை எனக்கு எழுதவில்லை, அதற்குத் தனியாகத் திட்டு இருக்கிறது. அப்பாதான் முதலில் பார்த்தார், அது எஞ்சட்டை என்றார். நீலக் கட்டம், பையில் ஓட்டை. ஆன்டெனாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு மெதுவாக, அண்ணே, அன்னைக்கு அயர்னை அணைக்காமப் போனது நான்தாண்ணே என்றார். ஒன்பது வருடமாக அப்பா காத்திருந்த வார்த்தை. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, சும்மா இருப்பா, எம் பொண்ணு சாப்பிடுறா என்றார்.

இப்போது தினமும் மதியம் கடையை அடைத்ததும் இரண்டு பேரும் ஆன்டெனா கடைக்குப் போய்விடுகிறோம், பாப்பாவை ஒரு தடவை, உன்னை இரண்டு தடவை. கேசட் தேய்ந்துவிடாதா என்று இப்போது நான் கேட்கிறேன், அப்பாவுக்குக் காது கேட்பதில்லை. அடுத்த கேசட்டில் கேமராவை மாப்பிள்ளை கையில் கொடு, இல்லாவிட்டால் மறுபடியும் அணைக்க மறந்துவிடு. பசித்தால் சட்டியோடு சாப்பிட்டாலும் சரி, நிறையச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கும் பாப்பாவுக்கும் எங்கள் ஆசி, மூவரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். சட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று அப்பா எழுதச் சொன்னார், அந்த ஓட்டையைத் தைக்கவும் வேண்டாமாம்.

இப்படிக்கு,
உன்னைக் கண்ணால் கண்டுவிட்ட
அம்மா