நாலாம் நம்பர் சுறாவும் என் வலது காதும்

1983 பெப்ரவரி 22, செவ்வாய்

இன்றும் வள்ளத்தில் வாந்தி. உரும்பிராயில் வெங்காயத் தோட்டத் தறைக்குள் பிறந்தவன் ஐம்பத்தொரு வயதில் சுறா தேடப் போனால் இப்படித்தான். வள்ளத்தில் துடுப்பு வலிக்கும் ஏரம்பு மற்றப் பக்கம் திரும்பி இருந்து மரியாதை காத்தான். சிரித்தானா என்று முதுகைப் பார்த்து எப்படிச் சொல்வது?

எட்டு வருஷம் பல்கலைக்கழக வளாகத்து விலங்கியல் பகுதியில் போத்தல் கழுவினேன். பிறகு கலாநிதி அடைக்கலநாதன் வந்தார். குருநகர் மனிசன், வயது முப்பத்துநாலு, என்னை "அண்ணை" என்பார், நான் "சேர்" என்பேன். தொண்டைமானாற்றில் மூன்று பால்சுறா, இரண்டு திருக்கை பிடித்து, ஒவ்வொன்றின் முதுகிலும் வெளிநாட்டிலிருந்து வந்த சுருட்டளவு சாமான் ஒன்றைத் தைத்து விட்டிருக்கிறார். அது தண்ணீருக்குள் டிக் டிக் என்று அடிக்கும். ஒவ்வொரு நம்பருக்கும் ஒவ்வொரு வேகம். வள்ளத்திலிருந்து மைக்கைத் தண்ணீருக்குள் இறக்கி, அதன் கேட்பொறியை வலது காதுக்கு மாட்டிக் கேட்டு, எந்த நம்பர், எந்த இடம், எத்தனை மணி என்று கொப்பியில் எழுதுவது என் வேலை.

பேர்தான் ஆறு, உண்மையில் கடல்நீரேரி. பாலத்தடி மதகுப் பலகைகளின் இடைவெளிகளால் கடல் உள்ளே வந்து வந்து போகிறது. அந்தப் பெருக்கோடும் வற்றோடும் சேர்ந்து இந்த மீன்களும் வந்து போகின்றனவா? சேருக்கு அதுதான் கேள்வி. ஏப்ரலில் கொழும்புக் கருத்தரங்கில் பதில் சொல்லவேண்டும். சொன்னால் வேலை தொடரும். சொல்லாவிட்டால் எனக்குப் போத்தல்.

இத்தனை பேரில் என்னை ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"வளாகத்திலை ஆர் ஆரோடை கோவம் எண்டு, கதவு பூட்டியிருந்தாலும் உங்களுக்குத்தானே அண்ணை முதல் கேக்குது."

பாராட்டா ஏச்சா என்று இன்னும் பிடிபடவில்லை.

மார்ச் 4, வெள்ளி

ஐந்தும் கேட்டது. சந்நிதி முருகன் கோவிலில் அன்னதானம், இரண்டு முறை பந்தியில் இருந்தேன். மடத்தில் பரிமாறியவருக்கு என் முகம் நினைவில்லை. அல்லது நினைவிருந்தும் பெருந்தன்மை.

நாலாம் நம்பர் என் செல்லம். மற்றவை சுத்தியல். இது அடுத்த வீட்டுச் சுவர் மணிக்கூடு மாதிரி, மெல்லிசாக. இதைக் கேட்கச் சேருக்கே கண்ணை மூட வேண்டும். நான் மூடுவதில்லை. அதில் எனக்கு ஒரு லெவல், ஒரு பெருமை.

ஏரம்பு இரவில் வலை போடுகிறவன், போன மாதம் முருகன் சந்நிதியில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினவன். சாமான் தைத்த மீன் வலையில் வந்தால் உயிரோடு விடுவானாம். சேர் வேதக்காரர், கத்தோலிக்கர். ஆனாலும் சத்தியத்தை வாங்கிக்கொண்டார்.

மார்ச் 10, வியாழன்

ஏரம்புவின் மகளுக்கு ஆண் குழந்தை. கற்கண்டு தந்தான். துடுப்பு வலிக்கும்போதும் வாய் மூடவில்லை. வள்ளம் பாதி நேரம் வட்டமடித்தது.

மார்ச் 14, திங்கள்

நாலு இல்லை.

ஒன்று கேட்டது. இரண்டு, மூன்று, ஐந்து எல்லாம் கேட்டது. பாலத்தடி, மேலே அக்கரைப் பக்கம், மறுபடி பாலத்தடி. மூன்று மணித்தியாலம். நாலு மட்டும் இல்லை. மற்றவை கேட்கின்றன, மெல்லிசு மட்டும் கேட்கவில்லை என்றால் பழுது எங்கே? சுறாவிலா, செவியிலா?

என்னைப் பெற்ற அப்புவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் காது போனது. முதலில் மெல்லிய சத்தங்கள்தான் போனதாம்.

சாப்பாட்டுப் பொட்டலத்தை முடித்து, கையைக் கழுவி, கொப்பியில் எழுதினேன்: "நாலு. பாலத்தடி. 12.15."

ஏன் எழுதினேன்? நாளைக்குக் கேட்கும் என்றுதான்.

மார்ச் 15, செவ்வாய்

கேட்கவில்லை. எழுதினேன்.

மார்ச் 17, வியாழன்

நல்லெண்ணெயைச் சூடாக்கி இரண்டு காதிலும் விட்டேன். தலையணை, மேற்சட்டைக் கழுத்து, மெத்தை எல்லாம் எண்ணெய். என் மனைவி இராசமலர் காரணம் கேட்டாள். ஆராய்ச்சி என்றேன்.

பின்னேரம் யன்னலடியில் நின்று ஒரு சோதனை. அவள் கிணற்றடியில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு கதைத்தது முழுக்கக் கேட்டது. தபாற்கந்தோர்க்காரரின் இரண்டாவது மகளுக்குப் பேசின சம்பந்தம் ஏன் குழம்பியது என்பது உட்பட. அதை இங்கே எழுத மாட்டேன். மாப்பிள்ளையின் பொய்ப்பல் சமாசாரம். ஆகவே காது வேலை செய்கிறது. ஊர்க்கதைக்கு மட்டும் வேலை செய்கிறதோ என்னவோ.

நாலு இன்றும் பாலத்தடியில், 12.15. நான் எழுதினேன் என்பதுதான் சாட்சி.

மார்ச் 21, திங்கள்

"நாலு கேக்குதோ ஐயா?" என்று ஏரம்பு இப்போது ஒவ்வொரு நாளும் கேட்கிறான். முன்பு கேட்பதில்லை. "ஓம், நல்லாக் கேக்குது" என்று தலையையும் ஆட்டினேன். அவன் முகம் வெளிறிப் போனது. கொஞ்ச நேரம் வலித்துவிட்டுச் சொல்கிறான்:

"ஐயா, உதின்ரை சத்தம் ஆக்களின்ரை வயித்துக்குள்ளை இருந்தாலும் கேக்குமோ?"

இவனுக்கு என்ன வந்தது? பேரன் பிறந்த சந்தோஷத்தில் மூளை பிசகிவிட்டதா? கேட்காது, தண்ணீருக்குள்தான் என்றேன். "வயித்துக்கையும் தண்ணிதானே ஐயா" என்றான். நான் மைக்கை இன்னும் ஒரு முழம் இறக்கினேன்.

மார்ச் 24, வியாழன்

சேர் பாலத்தடிக்கு வந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு. நாலு பற்றியே திரும்பத் திரும்ப விசாரித்தார். என் வலது காதில் கேட்பொறி இருந்தபோது தானும் கேட்கவேண்டும் என்று கை நீட்டினார். "இப்பதான் சேர் கடலுக்குப் போயிட்டுது" என்றேன். ஏரம்பு துடுப்பைத் தவறவிட்டான்.

பொய் சொன்னால் பல் உதிரும் என்பார்கள். எனக்கு ஏற்கெனவே இரண்டு இல்லை.

மார்ச் 26, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் ஏரம்பு வள்ளத்தை நடு ஆற்றுக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்து அவிழ்த்தான். உள்ளே சுருட்டளவு சாமான். அதில் 4 என்று வெள்ளை எழுத்து.

"பன்ரண்டாந் திகதி விடியப்புறம் வலையிலை வந்தது ஐயா. இருட்டுக்கை முதுகு தெரியேல்லை. வீட்டை சின்னத்தங்கம் அரிவாளிலை வைக்கேக்கைதான் கண்டவள். செத்த சுறாவை ஆத்திலை விட்டு என்ன செய்யிறது? மோளுக்குப் பால் இல்லை எண்டு பிள்ளை கத்துது. வறை வறுத்துக் குடுத்திட்டம்."

சின்னத்தங்கம் அவன் மனைவி. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கவென்று பால்சுறாவை உதிர்த்து வறுத்த வறை கொடுக்காத வீடு எங்கள் பக்கத்தில் உண்டா? சாமானை மட்டும் அவள் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாளாம்.

"நீங்கள் ஒவ்வொரு நாளும் நாலு கேக்குது எண்டேக்கை எனக்குப் பயம். மெசின் என்ரை வீட்டுக்கை இருந்து கேக்குதோ, மோளின்ரை வயித்துக்கை இருந்து கேக்குதோ எண்டு. சத்தியம் முறிச்சனான். சந்நிதியான்தான் கேக்க வைக்கிறான் எண்டு நினைச்சன்."

அவன் அழுதுவிட்டான். நானோ... சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. காது பழுதில்லை! சுறா இல்லை, ஆகவே சத்தம் இல்லை. பதினான்காம் திகதி முதல் என் காது சொன்னதெல்லாம் உண்மை. அந்தச் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு, வாந்தி கூட வராமல், எழும்பி நின்று ஆடியிருப்பேன், வள்ளம் விடவில்லை.

பிறகுதான் உறைத்தது. பன்னிரண்டாம் திகதி வறையாகிப் போன சுறா பதினான்காம் திகதி பாலத்தடிக்கு எப்படி வரும்? பதினொரு நாள் வந்திருக்கிறது. என்ரை கையெழுத்திலை வந்திருக்குது. காதைத் திருப்பித் தந்த அதே சாமான் மானத்தை வாங்கப் போகுது.

நான் சொன்ன யோசனை: "இண்டைக்கு விடியத்தான் வலையிலை வந்தது எண்டு சொல்லுவம். உமக்கும் பழுதில்லை, எனக்கும் பழுதில்லை."

ஏரம்பு கண்ணைத் துடைத்தான். "அப்ப உங்களுக்குக் கேக்கேல்லையோ ஐயா?" என்றான். நான் கரையைப் பார்த்தேன்.

மார்ச் 29, செவ்வாய்

சாமானைக் கொடுத்தேன். இருபத்தாறாம் திகதி பிடிபட்டது என்றேன். சேர் ஏரம்புவை ஏசவில்லை. "பாவம், இருட்டுக்கை என்ன தெரியும்" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மார்ச் 30, புதன்

வளாகத்தில் போத்தல் எடுக்கிற சாட்டில் சேரின் அறைக்குள் போனேன். மேசை நிறையப் பெரிய வரைபுத் தாள். சிவப்புக் கோடு நீர்மட்டம். பாலத்தூணில் கட்டின அளவுக்கம்பைப் பார்த்து நானே எழுதியது, அது சுத்த உண்மை. நீலப் புள்ளிகள் மீன்கள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து எல்லாம் சிவப்புக் கோடு ஏற உள்ளே வருகின்றன, இறங்க வெளியே போகின்றன. நாலாம் நம்பர் மட்டும் தண்ணீர் ஏறினாலும் பாலத்தடி, இறங்கினாலும் பாலத்தடி.

சேர் கருத்தரங்குக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டிருந்தார். மீன்களுக்கும் பெருக்குக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்ல முடியாது என்று மாற்றி எழுதப் போகிறாராம். "ஒண்டு பொருந்தேல்லை எண்டால் பொருந்தேல்லை எண்டுதான் சொல்லவேணும் அண்ணை. மறைக்கேலாது."

மறைக்கேலாது! என்னைப் பார்த்து!

இரவு சாப்பிடவில்லை. இராசமலர் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "காதோ, வயிறோ?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னை இடையில் மறிக்காமல் கேட்டது இதுதான் முதல் தடவை.

"நீங்கள் ஊரார் கதையளுக்குக் கை கால் வைக்கிறது எனக்குத் தெரியும். அந்தாள் உங்கடை கதையைக் கொண்டு கொழும்புக்கெல்லோ போகப்போகுது" என்றாள். அவ்வளவுதான். பிறகு விளக்கைக் குறைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

மார்ச் 31, வியாழன்

சொல்லிவிட்டேன்.

வேதக்காரருக்குப் பெரிய வியாழனாம். சேர் பின்னேரம் கோவிலுக்குப் போக வெள்ளைச் சட்டையோடு புறப்பட்டு நின்றார். பெரிய கிழமையில் ஒரு சைவன் ஒரு கத்தோலிக்கரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தது வளாகத்தில் இதுவே முதலாவதாக இருக்கும். காதில் தொடங்கி வறை வரைக்கும் சொன்னேன். ஏரம்புவுக்கு இருபத்தாறாம் திகதியைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான் என்றேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இருக்கச் சொல்லவில்லை.

"எத்தினை நாள்?"

"பதினொண்டு, சேர்."

அழிறப்பரை எடுத்தார். ஒவ்வொரு புள்ளியாக அழித்தார். பதினொன்றையும் அழிக்க எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? எனக்கு ஒரு வருஷம். ஊதித் துகளைத் தட்டினார். தாளைத் தூக்கி யன்னலோடு பிடித்தார். அப்படியே நின்றார்.

"பொருந்துது" என்றார்.

பிறகு நாற்காலியில் விழுந்து, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் மனிசனை அழவைத்துவிட்டேன் என்று பயந்து கிட்டப் போனால், சிரிப்பு.

"அண்ணை, உங்கடை சுறா சரியாப் பன்ரண்டேகாலுக்குப் பாலத்தடிக்கு வருது. சுறாவுக்கு ஆர் மணிக்கூடு கட்டினது எண்டு நான் ரெண்டு கிழமையா நித்திரை இல்லை. அது உங்கடை சாப்பாட்டு நேரம்!"

சிரிப்பு நின்ற பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னார். என்ன செய்தேன், எந்தத் திகதிகளில் என்று முழுப் பக்கம் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். அது கொப்பியிலேயே ஒட்டப்படும். கொப்பி உள்ளவரைக்கும் இருக்கும். இனி இப்படி நடந்தால் போத்தல்கூட இல்லை. "ஓம் சேர்" என்றேன். அங்கேயே எழுதினேன், மூன்று இடத்தில் எழுத்துப் பிழை. திருத்த விடவில்லை.

பஸ்ஸில் உரும்பிராய் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். இருக்க இடம் இருந்தது.

ஏப்ரல் 4, திங்கள்

சேர் தொண்டைமானாற்றுக்கு வந்தார். ஏரம்பு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றான். சேர் கேட்டது ஒன்றுதான்:

"பால் சுரந்ததோ?"

"ஓம் ஐயா. பிள்ளை கொழுகொழு எண்டிருக்கிறான்."

"அப்ப அதையும் எழுதவேணும்" என்று சேர் கொப்பியை வாங்கி, நாலாம் நம்பருக்கு நேரே பன்னிரண்டாம் திகதியைப் போட்டு, சொந்தக் கையால் எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன். "பிடிபட்டது. உண்ணப்பட்டது." சின்னத்தங்கம் எங்களுக்குத் தேத்தண்ணி அனுப்பினாள். பயத்தில் சீனியை அள்ளிப் போட்டிருந்தாள்.

ஏப்ரல் 8, வெள்ளி

சேர் கொழும்பிலிருந்து வந்துவிட்டார். கேள்விகள் நிறையக் கேட்டார்களாம். ஒரு வயோதிபர், நாலாம் நம்பர் பாதியில் நின்றது ஏன் என்றாராம். பிள்ளை பெற்றவளுக்கு வறை என்று சேர் சொல்ல, மண்டபத்தில் எங்கடை ஆட்கள் மட்டும் சிரித்தார்களாம். என்னைப் பற்றிச் சொன்னாரா? கேட்க வாய் வரவில்லை. அவராகவும் சொல்லவில்லை. புதிதாக எட்டுச் சாமான் வருகிறதாம்.

இராசமலரிடம் சொன்னேன். நல்லது என்றாள். தபாற்கந்தோர்க்காரரின் மகளுக்கு வேறு இடம் சரிவந்ததாம். அந்தக் கதை பிறகு.

ஏப்ரல் 18, திங்கள்

காலை எட்டரை முதல் பதினொன்றரை வரை. காற்று இல்லை. வாந்தி ஒருமுறை.

ஒன்று, மூன்று, ஐந்து கேட்டது. இரண்டாம் நம்பர் திருக்கை கேட்கவில்லை. பாலத்தடியில் இல்லை, மேலே இல்லை. கேட்கவில்லை என்று எழுதினேன்.

ஏரம்பு கழுத்தை நீட்டிக் கொப்பியைப் பார்த்தான். அவனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியும்.

"மெய்யாவோ ஐயா?"

"மெய்தான்."

"என்ரை வலையிலை இல்லை" என்றான், வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு.