குழிக் கணக்கு

1943 மே 4, செவ்வாய்
மழை. விளக்குக்கு எண்ணெய் இல்லை; முருகனுக்குப் பூ மட்டும். அலோர் ஸ்டார் தெருக்களைப் பழுதுபார்க்க என் வீட்டுக்காரருக்குக் கீழே பதினான்கு கூலிகள். கங்காணி என்று பெயர்தான், எழுத்து வராது. அளந்து வந்து சொல்வார், நான் எழுதுவேன். தார் கிடையாது, கல்லும் குறைவு. எந்தத் தெருக் குழியை முதலில் அடைப்பது என்று மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் பட்டியல் கேட்கிறான். தெரு, குழி, ஆழம் விரற்கடையில், ஒரு நாளில் போகும் லாரி என்று நான்கு பத்தி கட்டினேன். லாரி அதிகம், குழியும் ஆழம் என்றால் அது முதலில்.

மே 12
பட்டியலைப் பார்த்து அதிகாரி தலையை ஆட்டினானாம். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி குழந்தைவேலு இவரிடம், "யாருண்ணே எழுதுனது? உங்க மூஞ்சியைப் பாத்தா நம்ப முடியலலா!" என்றாராம். மனசுக்குள் கொஞ்சம் பெருமை. தப்பு.

மே 19
கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தால் எட்டுப் பேர் போதுமாம். மீதி ஆறு பேரையும் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே போனவர் யாரும் திரும்பியதாகக் கேள்வி இல்லை. அந்த ஆறில் அடுத்த வீட்டு மணியமும் ஒருவர். அவர் பெண்சாதி காளியம்மா வாசலில் நின்று, "குழியை எதுக்குக்கா அவ்வளவு சுத்தமா எண்ணுனீங்க?" என்றாள்.
நான் குழியைத்தானே எண்ணினேன். ஆளை எண்ணலியே—

மே 20
பூஜை செய்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூன் 1
அடுத்த பட்டியல் கேட்டுவிட்டான். தெருக்கள் இப்போது தேவலை. உள்ளபடி எழுதினால் எட்டுப் பேரும் எதற்கு, கங்காணிதான் எதற்கு என்பான். இவரையும் ஏற்றிவிடுவான். "ஆழம் நாலை ஒம்பதாப் போடேன்" என்கிறார் இவர். சனிக்கிழமை அதிகாரியே கோல் வைத்து அளக்க வருகிறானாம். மாட்டினால் தலை போகும். அது ஒரு பக்கம். பொய் எழுதிவிட்டு முருகன் முன்னால் எப்படி நிற்பது?

ஜூன் 3
மத்தியானம் நல்ல மழை. தெருவில் ஆள் இல்லை. நான், கூலிகளின் பெண்சாதிகள் ராக்காயி, பிச்சையம்மாள் மூவரும் மண்வெட்டியோடு போனோம். இந்தக் காலத்தில் எல்லோரும் சாலையோரத்தில் மரவள்ளி நடுகிறார்கள், ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இருந்த குழிகளை இன்னும் ஆழமாகத் தோண்டினோம். காளியம்மாவை நான் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? தானாக வந்து குழித் தண்ணீரில் இறங்கினாள்.
"போதுமாக்கா? இன்னும் தோண்டவா?"
கோலை வைத்துப் பார்த்தேன். வண்டிமாடு இடறக்கூடாதென்று வேண்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, ஒன்பது விரற்கடை என்று எழுதினேன்.

ஜூன் 5, சனி
அளந்தான். ஒன்பது. எட்டுப் பேரும் கங்காணியும் இருக்கட்டும் என்றானாம்.
காளியம்மாவுக்குச் சயாமிலிருந்து ஒரு சேதியும் இல்லை. சாயங்காலம் வந்தாள். அடுத்த மாதம் எந்தத் தெரு என்று கேட்டாள்.