கீழே பேர் இல்லை

1986, ஜனவரி 27
குளிரில் எங்கள் அச்சகத்து மை இறுகிவிட்டது. என் வீட்டுக்காரர் டப்பாவைக் கரி அடுப்பருகே வைத்து இளக்கி, அண்ணனின் நோட்டீஸை ஒருவழியாக அடித்து முடித்தார். நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டுக்கு அண்ணன் அருளப்பன் நிற்கிறான். குடிதண்ணீர், தெருவிளக்கு, பால்வாடிக்குக் கூரை என்று ஒழுங்காகத்தான் எழுதியிருந்தான். பிழை திருத்தியது நான். பள்ளிக்கூடத்தில் திருத்துவது போதாதென்று!

ஜனவரி 31
பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே அண்ணனின் தெருவிளக்கு.

பிப்ரவரி 4, செவ்வாய்
விடியும்போதே எங்கள் மூஞ்சிக்கல் பகுதி முழுக்க மொட்டை நோட்டீஸ். எழுதியவர் பேர், அச்சகத்தின் பேர், எதுவும் கீழே இல்லை. பால்வாடி டீச்சர் லீலாவுக்கும் அண்ணனுக்கும் தொடர்பாம். புருஷனை இழந்து, பிள்ளையோடு தனியாக இருக்கிறவள். கூரைக்கு மனு எழுத அண்ணன் வீட்டுக்கு வந்தாள், அவ்வளவுதான். அதைச் சொல்லி அண்ணனும் பக்கத்திலேயே மறுப்பு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறான். குடிதண்ணீரைப் படிக்காத ஊர் இதை நின்று படிக்கிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுகிறது.

"பேரு போடாம அடிச்சிருக்கான்னா பயந்து அடிச்சிருக்கான். பயந்தா நெசமாத்தான் இருக்கும்" என்கிறார் டீக்கடை பொன்னுவேல். என்ன நியாயமோ!

என் கண்ணில் பட்டது வேறு. நோட்டீஸில் 'லிலா' என்று இருக்கிறது. எங்கள் அச்சகத்து 'லீ' எழுத்துக்குத் தலைச்சுழி உடைந்துபோய் வெகுநாளாயிற்று. போன வருஷம் பக்கத்து வீட்டு லீமாவின் கல்யாணப் பத்திரிகைகளில் பேனாவால் சுழி போட்டது இந்தக் கைதான்.

பிப்ரவரி 5
கேட்டேன். "தொழில் ரகசியம்" என்கிறார். பெண்டாட்டியிடம் என்ன ரகசியம்? அண்ணனை இவருக்கு என்றைக்குமே பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று பூசைக்கு வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் நகமெல்லாம் மை. அப்போதே கேட்டிருக்க வேண்டும். இந்த மனுஷனோடயா இத்தன வருஷம் —

பிப்ரவரி 6
வகுப்பில் மனம் ஓடவில்லை. அண்ணனின் மறுப்பு நோட்டீஸ் எப்போது ஒட்டினார்கள்? செவ்வாய் விடியற்காலை. மொட்டை நோட்டீஸ்? அதுவும் அதே விடியற்காலை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், பசைகூடக் காயாமல். வசவு வெளிவரும் முன்பே பதில் எப்படி அச்சாகும்?

மாலையில் இதைச் சொன்னதும் அவர் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டையும் உங்கண்ணந்தான் எழுதிக் குடுத்தான். உங்கிட்ட மட்டும் சொல்லிராதீங்கன்னு கையப் புடிச்சுக் கெஞ்சினான்."

பிப்ரவரி 7
அண்ணனுக்கு வெட்கமே இல்லை. "நல்லதத்தான் மொதல்ல எழுதினேன். கடலை மடிச்சாங்க. இப்பப் பாரு, ஊரே 'பாவம் அருளப்பன்'னுது."

லீலா பேரை எதற்கு இழுத்தாய் என்றேன்.

"ஒரு பேரு இருந்தாத்தானம்மா நம்புவாங்க!"

கீழே போட வேண்டிய பேரை விட்டுவிட்டு, நடுவில் ஒரு பேரைப் போட்டிருக்கிறான் பாவி.

பிப்ரவரி 10
லீலா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் பாலசமுத்திரத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பால்வாடி பூட்டிக் கிடக்கிறது.

பிப்ரவரி 12
நானே எழுத்துக் கோத்தேன். அவர் மிஷினை மிதித்தார். 'பால்வாடி டீச்சர் லீலாவைப் பற்றிய நோட்டீஸ் பொய். எழுதியவர் என் அண்ணன் அருளப்பன். அச்சடித்தது நாங்கள்.' கீழே என் பேர், அச்சகத்தின் பேர். எல்லாத் தாளிலும் உட்கார்ந்து 'லீ'க்குச் சுழி போட்டேன். அவள் பேராவது சரியாக இருக்கட்டும்.

பிப்ரவரி 14
ஒருவரும் நம்பவில்லை. "பேரெல்லாம் போட்டிருக்கீங்கன்னா உங்களுக்கு ஏதோ சோலி இருக்குல்ல டீச்சர்?" என்கிறார் பொன்னுவேல். அண்ணன் தங்கச்சிக்குள் சொத்துத் தகராறாம். இதை யார் கிளப்பியது? அண்ணனேதான் இருக்கும்.

பிப்ரவரி 25
அண்ணன் ஜெயித்துவிட்டான். எங்கள் வாசலில் வேண்டுமென்றே பட்டாசு வெடித்தார்கள்.

மார்ச் 9
பாலசமுத்திரம் போனேன். லீலாவைத் திரும்பி வரச் சொல்லலாம், என் நோட்டீஸைக் காட்டலாம் என்று பையில் ஒன்றை வைத்திருந்தேன். வாசலிலேயே நிற்க வைத்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே உள்ளே போய், கசங்கிய தாள் ஒன்றை எடுத்துவந்து நீட்டினாள். என் பையில் இருந்த அதே நோட்டீஸ்தான். மடித்த தடம் நன்றாகத் தெரிந்தது.

"சந்தையில இதுலதான் கடலை மடிச்சுக் குடுத்திருக்காங்க. தெருவே வாசிச்சிருச்சு. அதுவரைக்கும் இந்த ஊருல யாருக்கும் ஒண்ணும் தெரியாது, டீச்சர்."

வாங்கிப் பார்த்தேன். நான் போட்ட சுழி மட்டும் தெளிவாக இருந்தது.