ஒரே படத்தில் இருவர்

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். முட்டி வலி குறைந்ததா? நான் நலம். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நானும் எங்கள் ஆண்கள் ஹாக்கி அணியில் ஆடும் ரூபனும் கடற்கரையில் கட்டியணைத்தபடி எடுத்துக்கொண்ட படத்தை யாரோ திருடிப் பரப்பிவிட்டார்கள். அவன் அணியில் அவனுக்குக் கைதட்டல். பெண்கள் அணியிலிருந்து என்னை நிறுத்திவைத்தார் மேனேஜர்.

எங்கள் கேப்டன் கிறிஸ்டல் அக்கா விடவில்லை. "மொதல்ல அவன பெஞ்சுல உக்கார வைங்க சார். அப்புறம் இவளும் உக்காருவா லா." சொல்லிவிட்டு மட்டையைப் புல்லில் போட்டார். எல்லோரும் போட்டார்கள். மேனேஜர் இறங்கிவந்து என்னையும் ஆடவிட்டார்.

இரண்டு கோல் அடித்தேன் அப்பா!

அந்தப் படம் உங்களுக்கும் வந்திருந்தால் அழித்துவிடுங்கள். என்னைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பினாங்குக்கு வாருங்கள், இறுதி ஆட்டம். வரும்போது என் பழைய போர்வையை எடுத்துவாருங்கள். பஸ் வந்துவிட்டது.

உங்கள்
ஷேரன்