தையலுக்குள் விட்ட துணி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும், இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனா வரவில்லை. பழைய பேண்டை இடுப்பில் இழுத்துப் பிடித்துப் பல்லைக் காட்டும் உன் படம் கிடைத்தது. அம்மா போட்ட அதே ஊசியைத்தான் உடம்பு இளைக்க வாராவாரம் நீயும் போட்டுக்கொள்கிறாயாமே, போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்பதால் எழுதுகிறேன்.

சர்க்கரைக்கு என்று அந்த ஊசியை ஆரம்பித்து ஐந்து மாதத்தில் அம்மாவுக்குப் பதினோரு கிலோ போயிற்று. உன் பெரியம்மா வந்து, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கியேடி என்று வழிந்துவிட்டு ஊசியின் பேரை எழுதி வாங்கிக்கொண்டு போனாள். அம்மா யாரிடமும் பேசாததும் நாள் முழுக்கப் பாடும் ரேடியோவைத் தொடாததும் அந்த மகாராணி கண்ணில் படவில்லை. என் கண்ணில் மட்டும் பட்டதா, பெரிய தையற்காரன், மாதாமாதம் அவள் சட்டையைப் பிடித்துத் தைத்து இளித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் வழக்கம்போல் தையலுக்குள் ஓர் அங்குலத் துணி விட்டேன், உடம்பு திரும்பினால் பிரித்துவிடலாமே. அம்மா பார்த்துவிட்டு, அதை வெட்டிடுங்க, இனிமே யாரு போடப் போறா என்றாள். ஒரு துண்டுத் துணியைக்கூட வீணாக்க விடாதவள். செத்துப்போகலாம்னு தோணுதா என்று கேட்டேன், ரெண்டு மாசமா என்றாள்.

அன்றைக்கே ஊசி எழுதிக்கொடுத்த டாக்டர் மேதையிடம் ஓடினோம். அவர் அம்மா முகத்தைப் பார்க்காமல் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து, நம்பரெல்லாம் சூப்பரா இருக்கே, உங்களுக்கு என்ன குறை என்றார். ஆளைப் பார்க்காமல் டேப்பை மட்டும் பார்த்து நான் தைத்தால் என்னைச் செருப்பால் அடிப்பார்கள். நீ பிறந்த வருடம் அம்மா மனசு உடைந்து அதற்கு வைத்தியம் பார்த்து மாத்திரை சாப்பிட்டதை முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டாரா, அதுவும் இல்லை. அங்கிருந்து கூட்டிப்போன மனநல டாக்டரம்மாதான் உட்கார வைத்து அதையெல்லாம் கேட்டார். ஊசியாலா வேறு எதனாலா என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் இந்த நிலையில் வேண்டாம் என்று அந்த மேதையிடமே பேசி நிறுத்த வைத்தார், சர்க்கரைக்கு இப்போது வேறு மாத்திரை. தனியாக விடாதீர்கள் என்றதால் கடை மெஷினைத் தூக்கி வீட்டுக் கூடத்தில் போட்டுவிட்டேன்.

நீயும் அதிமேதாவியாக உன் இஷ்டத்துக்கு நிறுத்திவிடாதே, டாக்டரிடம் போய் அம்மாவுக்கு நடந்ததையும் உன் மனசு எப்படி இருக்கிறது என்பதையும் சொல். இடுப்பளவு எனக்கு வேண்டாம், தூங்குகிறாயா, சிரிக்கிறாயா, அதை எழுது. நேற்று அம்மா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, தையல் கோணலா போகுதே, கண்ணு அவிஞ்சு போச்சா என்று திட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அந்த ஓர் அங்குலத்தை நான் வெட்டவில்லை, உள்ளேதான் இருக்கிறது.

நீண்ட ஆயுளோடு நிம்மதியாக இரு.

உன் அப்பா