இஸ்திரி போட்ட பேச்சு

ஆக்லாந்து,
3 மார்ச் 1976

என் சிமானுவுக்கு,

நலம். பிஸ்கட் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கிவிட்டது. அதை விசாரிக்க உனக்கு எங்கே நேரம்? நான் பிழைக்க இந்த ஊருக்கு வந்தால், இந்த ஊர்க்காரி ஒருத்தி அங்கே நர்ஸாக வந்து நீ ஓட்டும் ஆஸ்பத்திரி வண்டியில் ஏறிக்கொண்டாளாம். உன் அக்கா எழுதியிருக்கிறாள். அந்த ஹெதரிடம் நம் சமோவா பாஷையில் ஒவ்வொரு வார்த்தையாக, மெதுவாக, சிரித்துச் சிரித்துப் பேசுகிறாயாமே. என்னிடம் "கிழங்கு எங்கடி?" என்பதைத் தவிர என்ன பேசியிருக்கிறாய்? எனக்கு வயிறு எரிகிறது.

உன் பெனினா


சஃபோட்டு, சமோவா,
20 மார்ச்

அடி பெனினா,

அவளிடம் நான் பேசுவது பாதிரியார் பிரசங்கத்தில் பேசுகிற இஸ்திரி போட்ட பேச்சு. வெள்ளைக்காரர்களிடம் நம்மில் யார் வீட்டுப் பேச்சு பேசுகிறார்கள்? 'தயவுசெய்து வண்டியில் அமருங்கள்' என்று சொல்லிச் சொல்லித் தாடை வலிக்கிறது. அக்கா வேறு, "ஏண்டா, பிரசங்கம் முடிஞ்சதும் காணிக்கைத் தட்டு வருமா?" என்று கேலி செய்கிறாள். உன்னிடம் கத்துகிறேனே, அதுதான் வீட்டுப் பேச்சு. அதற்கு நீ ஒருத்திதான்.

உன் சிமானு


ஆக்லாந்து,
8 ஏப்ரல்

என் சிமானுவுக்கு,

இப்போதுதான் சாப்பாடு இறங்குகிறது. அவளிடம் கடைசிவரை பிரசங்கமே செய். என்னிடம் மட்டும் அப்படிப் பேசிவிடாதே. பேசினால், நான் உனக்கு வேற்றாள் ஆகிவிட்டேன் என்றுதான் எடுத்துக்கொள்வேன். கிறிஸ்துமசுக்கு வரக் கப்பல் சீட்டு எடுத்துவிட்டேன்.

உன் பெனினா


சஃபோட்டு,
15 செப்டம்பர்

அடி பெனினா,

பன்றி ஆறு குட்டி போட்டது. நேற்று வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. நான் தள்ள முடியாமல் திணறுகிறேன், ஹெதர் உள்ளே உட்கார்ந்துகொண்டே, "தள்ளுய்யா, தின்ன கிழங்கெல்லாம் எங்க போச்சு?" என்கிறாள். நான் சிரித்த சிரிப்பில் எனக்குக் கையே ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டால் நீ பேசுவது போலவே இருந்தது.

உன் சிமானு


ஆக்லாந்து,
2 அக்டோபர்

மதிப்பிற்குரிய திரு. சிமானு அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பன்றிக்குட்டிகள் பற்றி அறிந்து மகிழ்ச்சி. நர்ஸ் அம்மையார் பேசிய பேச்சைப் பள்ளியிலோ தேவாலயத்திலோ எவரும் கற்றுக்கொடுப்பதில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். டிசம்பர் மாதக் கப்பல் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தங்கள் தமக்கையாருக்கு என் வணக்கம்.

இதில் ஏதேனும் புரியவில்லை என்றால் தெரிவிக்கவும். இன்னும் மெதுவாக எழுதுகிறேன்.

இங்ஙனம்,
திருமதி பெனினா சிமானு