பாய்லர் அறையின் ஏணி

இன்று காலை சாம்பல் நிறப் பெயின்ட் டப்பாவைத் திறந்தேன். மேலே ஆடை கட்டியிருந்தது. குச்சியால் அதை ஒதுக்கியதும் எழுந்த வாடையில் கை நின்றுவிட்டது. நீங்கள் லீவில் வரும்போது தகரப் பெட்டியைத் திறந்தால் இதே வாடைதான் வரும். துவைத்து மடித்த சட்டையிலும் இருக்கும், எனக்கென்று வாங்கி வந்த சேலையிலும் இருக்கும். வருஷத்தில் ஒரு மாதம்தான் நீங்கள் எனக்கு. மிச்சப் பதினோரு மாதமும் அந்தக் கப்பலுக்கு. அப்போதெல்லாம் அந்த வாடை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

நீங்கள் கண்மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. வேலை நின்றுபோகவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பதினைந்து வருஷம் கடற்படையில் பாய்லர் பார்த்தீர்கள். ஊருக்கு வந்த பிறகு இருபத்து நாலு வருஷம் நம் பள்ளிவாசல் எஸ்டேட்டின் தேயிலை ஃபாக்டரியில் பாய்லர் பார்த்தீர்கள். இடையில் உங்கள் கப்பலுக்கு வயதாகி, அதை உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். நம் நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பல். டிவியில் அதைக் காட்டியபோது நீங்கள் எழுந்து கோழிக்கூட்டைச் சுத்தம் செய்யப் போனீர்கள். ரிட்டயர் ஆகி, எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்து, சித்திரபுரத்தில் இந்த வீட்டுக்கு வந்த முதல் மாதமே முன்னறையில் சாக்பீஸால் ஏழடிக்குக் கோடு போட்டீர்கள்.

“என்னது இது?”

“கப்பல். நூத்துல ஒரு பங்கு.”

“அப்ப கட்டில எங்க போடுறது?”

“பின்னால போடு புள்ள. இத மூணு துண்டா செஞ்சாத்தான் நம்ம வாசல் வழியா வெளிய போவும். எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன்.”

கட்டில் பின்னறைக்குப் போனது. பழைய தேயிலைப் பெட்டிகளின் பலகை, பித்தளைக் கம்பி, அலுமினியத் தகடு எல்லாம் முன்னறைக்கு வந்தன. வெளிப்புறத்தைச் செய்ய மட்டும் அடிமாலி கடையில் பிரின்ட் எடுத்த படங்களைச் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தீர்கள். நான் சிரித்தேன். பதினைந்து வருஷம் இருந்த கப்பல் வெளியிலிருந்து பார்க்க எப்படி இருக்கும் என்று தெரியாதா என்று கேட்டேன். “அடியில கெடந்தவனுக்கு எப்படித் தெரியும்?” என்றீர்கள். ஆனால் உள்ளே ஒவ்வொரு குழாயும் வால்வும் உங்களுக்கு மனப்பாடம். படம் எதையும் பார்க்காமல் செய்தீர்கள்.

“மேல தளம் போட்டு மூடிட்டா இதெல்லாம் யாரு பாக்கப் போறா?”

“பாக்குறதுக்கு இல்ல. அங்க இருந்துச்சு. இங்கயும் இருக்கணும்.”

நான் அப்போது ஒரு சாமானையும் தொட்டதில்லை. மூன்றாம் வருஷம் உங்கள் கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது கம்பி விலகிவிடும். நான் போய் இடுக்கியால் பிடித்துக்கொண்டேன். முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய விரல், நடுங்காது. பிடித்துக்கொடுக்கத்தான் வந்தேன்; பிறகு தளத்தைச் சுற்றிய கைப்பிடிக் கம்பி முழுவதையும் நானே வைத்தேன்.

அந்த ஏணியை மட்டும் நீங்கள் என்னிடம் தரவில்லை. பாய்லர் அறையிலிருந்து மேலே ஏறும் இரும்பு ஏணி. விரல் நீளம்கூட இருக்காது. செய்வீர்கள், ஒட்டுவீர்கள், இரண்டு நாள் கழித்துப் பிய்த்துப் போடுவீர்கள். மூன்றாவது தடவை பிய்த்தபோது வெளியே ஆனி மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் கேட்டுவிட்டேன்.

“எதுக்கு இந்த ஏணியையே பிச்சுப் பிச்சு ஒட்டுதீக? நல்லாத்தான இருந்துச்சு?”

நீங்கள் கம்பியைக் கீழே வைத்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை.

“நம்ம மூத்தவன் போனப்ப கப்பல் கடல்ல இல்ல புள்ள. கொச்சியிலதான் நின்னுச்சு. தந்தி அன்னைக்கே கைக்கு வந்துட்டுது. இந்த ஏணியில ஏறிப் போயி லீவு கேக்கணும். அடியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஏறல.”

மழைச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருந்தது.

“ஏன் ஏறல?”

“நீ முகத்தப் பாத்து, ‘இம்புட்டு நாளு எங்க இருந்தீக’ன்னு கேப்பியேன்னு பயம். கூட ரெண்டு டியூட்டி கேட்டு வாங்கிப் பாத்தேன். அவ்வளவுதான்.”

இரண்டு வயதுப் பிள்ளை. நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டான். என் அப்பாதான் உங்களுக்குத் தந்தி அடித்தார். நீங்கள் வருவீர்கள் என்று அடக்கத்தை மறுநாள் மாலைவரை தள்ளி வைத்தார்கள். அடக்கம் முடிந்த பிறகும் மூன்று நாள் மத்தியானம் பள்ளிவாசல் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். கொச்சியிலிருந்து வரும் பஸ்ஸில் இறங்குகிற ஒவ்வொரு ஆளையும் பார்த்தேன். பிறகு உங்கள் கடிதம் வந்தது. கப்பல் நடுக்கடலில் இருந்தது என்று அதில் எழுதியிருந்தீர்கள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அதை நம்பினேன். கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். அவனுக்கு அடுத்துப் பிறந்த நம் மகள் ஸ்டெல்லாவிடமும் அதைத்தான் சொல்லி வளர்த்தேன்.

ஒன்பது நாள் உங்களோடு பேசவில்லை. சோறு வைத்தேன், மாத்திரை எடுத்து வைத்தேன். ஒருநாள் சுத்தியலை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனதும் உண்டு. ஓங்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. அதில் பாதி என் கைவேலை என்பதாலும் இருக்கலாம். கல்லறைத் திருநாள் வந்தாலே உங்களுக்கு ஃபாக்டரியில் டியூட்டி வந்துவிடும். அது ஏன் என்பது அந்த ஒன்பது நாளில்தான் எனக்கு உறைத்தது.

பத்தாம் நாள் காலையில் வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்தேன்.

“அந்த ஏணிக்கு எத்தன படி?”

“பதினெட்டு.”

“நீங்க செஞ்சதுல பதினாறுதான் இருக்கு. எண்ணிட்டேன். தள்ளுங்க, நான் செய்யுதேன்.”

நீங்கள் தள்ளி உட்கார்ந்தீர்கள். படிக்குப் படி எவ்வளவு இடைவெளி, எந்தப் படி லேசாக வளைந்திருந்தது, கைபட்டுத் தேய்ந்து எங்கே பளபளத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். நான் கம்பியை வெட்டி வெட்டி வைத்தேன். முடிக்க ஆறு நாள் ஆனது. ஒட்டிய பிறகு, “சட்டைய மாத்துங்க, போவோம்” என்றேன். எங்கே என்று நீங்கள் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சிலுவை சாய்ந்திருந்தது. நடுங்குகிற கையால் மண்ணைத் தோண்டி, கல்லை முட்டுக்கொடுத்து, அதை நேராக்கினீர்கள். நான் உதவிக்கு வரவில்லை. அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் சேர்ந்து வேலை செய்தோம். கல்யாணமாகி நாம் அதிகம் பேசிக்கொண்டதும் அந்த நாலு வருஷத்தில்தான்.

நீங்கள் போன பிறகு பங்குத் தந்தை வந்தார். திருவிழாவுக்குக் கோயில் ஹாலில் கப்பலை வைக்கலாம், மேல் தளத்தைப் போட்டு மூடிக் கொடுங்கள் என்றார். இரண்டாவது பாய்லரின் குழாய் வேலை அப்படியே கிடந்தது.

“உள்ள வேல பாக்கி இருக்கு ஃபாதர்.”

“மூடிட்டா யாருக்கும்மா தெரியும்?”

“எனக்குத் தெரியும்லா.”

திருவிழா கப்பல் இல்லாமல் நடந்தது. அடுத்த வருஷம் எடுத்துக்கொள்கிறேன் என்று அவரும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். கோயம்புத்தூருக்கு வந்துவிடு என்று ஸ்டெல்லா போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். உங்கள் நோட்டில் இருந்த படத்தைப் பார்த்து, புரியாத இடத்தில் ஃபாக்டரியில் உங்களுக்குப் பிறகு பாய்லர் பார்க்கிறவரைக் கூப்பிட்டுக் கேட்டு, குழாய்களை ஒவ்வொன்றாக வைத்தேன். தப்பாக வைத்ததைக் கழற்றித் திரும்ப வைத்தேன். போன வாரம் முடிந்தது.

இன்று மேல் தளத்தைப் பொருத்தினோம். அதற்காகவே ஸ்டெல்லா லீவு போட்டு வந்திருந்தாள். பலகையை இறக்குவதற்கு முன் டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். ஏணியில் வெளிச்சம் நின்றது.

“அப்பா இதுல ஏறித்தான் மேல வருவாங்களாம்மா?”

தலையை மட்டும் ஆட்டிவிட்டு மூடியிருக்கலாம். பலகை கையில் தயாராக இருந்தது. ஆனால் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கொச்சியில் நின்ற கப்பலை, தந்தியை, நான் பார்த்துக்கொண்டு நின்ற பஸ்ஸை.

அவள் டார்ச்சை அணைத்தாள்.

“அப்ப ஏன் இத்தன வருஷமா அப்பா சொல்லவே இல்ல?”

“சொல்லணும்னுதான் இருந்திருக்காக. அதச் சொல்லுறதுக்கு உங்கப்பாவுக்கு ஒரு கப்பலே கட்ட வேண்டியிருந்துச்சு.”

“உங்களுக்குக் கோவம் போயிருச்சா?”

“இல்ல. கொஞ்சம் இருக்கு. நல்லாப் பிடி, அந்தப் பக்கம் எறங்குது.”

இருவருமாகப் பலகையை உட்கார வைத்தோம். எங்கும் இடிக்காமல் பொருந்தியது. நான் திருகாணிகளை முறுக்கினேன்.

நீங்கள் மன்னிப்புக் கேட்டதில்லை. நானும் மன்னித்துவிட்டேன் என்று சொன்னதில்லை. இனி அந்தப் பேச்சுக்கு வழியுமில்லை. கோபம் கொஞ்சம் என்னோடுதான் இருக்கிறது. காலையில் எழுந்ததும் முதலில் தேடுவது உங்களைத்தான். அதற்காக ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கப் போவதில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டே வேலை செய்ய எனக்குப் பழகிவிட்டது.

இன்னும் பதினோரு விமானங்கள் பாக்கி. ஒவ்வொன்றும் என் உள்ளங்கையில் அடங்கும் அளவு. தகடு வெட்டி வைத்தாகிவிட்டது, நாளைக் காலையில் முதல் விமானத்தைத் தொடங்குகிறேன். தளத்திலிருந்து கப்பலின் லிஃப்ட்டில் கீழே இறக்க வேண்டுமென்றால் விமானத்தின் சிறகு மடங்க வேண்டும் என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள்.

மடங்கும்.